மூன்றரை மில்லிமீட்டர் குண்டு

உலகத்தில் எந்தப் பொருளும் காணாமல் போவதில்லை என்ற உண்மையை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் எங்கள் துறைச் சுவரிதழுக்காக ‘சிறு உதிரிப் பொருட்களின் நடத்தை’ என்ற தலைப்பில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு திருகாணி கீழே விழுகிறது. அதற்குக் கால் கிடையாது. பஸ் பிடித்து எங்கும் போக முடியாது. விழுந்த உயரம், தரையின் தன்மை, சாமான் உருண்டையா தட்டையா என்பது, இந்த மூன்றும் தெரிந்தால் அது கிடக்கும் இடத்தை ஒரு சதுர அடிக்குள் சொல்லிவிடலாம். ஆகவே பொருள் தொலைவதில்லை. தேடுகிறவனுடைய புத்திதான் தொலைகிறது. கட்டுரையைப் படித்த துறைத் தலைவர், “செந்தூர்வேல், உன் அட்டெண்டன்ஸ் ஐம்பத்தெட்டு சதவீதம்தான் இருக்கு, மீதி எங்கே கிடக்குன்னு சொல்லு” என்று கேட்டார். மேதைகள் இதையெல்லாம் தாண்டித்தான் வரவேண்டும்.

கட்டுரையைச் செயல்படுத்திக் காட்ட இந்த மே மாதம் ஒரு வாய்ப்பு வந்தது.

ரெக்சன் என் வகுப்பு. வீடு திரேஸ்புரத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே. வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் ஒரு வெள்ளை பிரீமியர் பத்மினி செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. அவனுடைய அப்பா ஃபிராங்க்ளினின் கார். அவர் சங்கு குளிக்கிறவர். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காரை ஷெட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். கூடப் போன நான்கு பேரும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து ரெக்சனின் அம்மா ஞானசௌந்தரி வாசல் கேட்டைத் தாண்டியதில்லை. முன்னறையில் கேட்டைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் அவருடைய இடம். மீன் வீட்டுக்கு வந்தது, நற்கருணை வீட்டுக்கு வந்தது, ஆதாருக்குப் படம் எடுக்கிறவர்கூட வீட்டுக்கு வந்தார். இப்போது ரெக்சனின் அக்கா ஜெஸ்லினுக்குக் கல்யாணம். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூசை. கோயிலுக்கு வரச் சொல்லிப் பங்குச் சாமியார் பேசிப் பார்த்தார், சம்பந்தி வீட்டார் பேசிப் பார்த்தார்கள். தொந்தரவு தாங்காமல் அம்மா ஒரே ஒரு வாக்குக் கொடுத்தார்.

“அவுக வண்டி எப்ப வாசல்ல வந்து நிக்கோ, அன்னைக்கு ஏறுதேன்.”

வராது என்ற நம்பிக்கையில் சொன்னது. அக்கா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புது பேட்டரி வந்தது, டயர் வந்தது, பெட்ரோல் டேங்க் கழுவப்பட்டது. கார்புரேட்டர் மட்டும் மிச்சம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்துகொடுக்கப் பத்து நாள் ஆகும் என்று மெக்கானிக் சொன்னார். நான் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு என்று நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார்புரேட்டரைப் பிரித்தேன். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. உள்ளே ஜெட், ஊசி, ஸ்பிரிங், வாஷர் என்று கடுகு அளவிலும் பயறு அளவிலுமாக இருபத்தேழு உருப்படிகள். கழற்றிய வரிசை மாறாமல் வைக்க ஒரு தட்டு வேண்டியிருந்தது. ரெக்சன் குசினிக்குள் போய் இட்லித் தட்டு அத்தனையையும் திருடிக்கொண்டு வந்தான். குழிக்கு ஒன்றாக அடுக்கினோம். துடைக்க, பரணிலிருந்து ஒரு பழைய காக்கிச் சட்டையை இழுத்துக் கிழித்துப் போட்டான்.

மிதவை இருக்கும் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் பழைய பெட்ரோல் பழுப்புப் பிசினாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கு மேலே அரை ஸ்பூன் தெளிந்த தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

“கடல் காத்துலே. காத்துல உள்ள ஆவி குளுந்து படிஞ்சிருக்கு” என்று விளக்கினேன்.

“உப்பு எப்பலே ஆவியாச்சு?” என்றான் ரெக்சன்.

அவனுக்குக் கெமிஸ்ட்ரியில் அரியர் இருந்தது. அந்த நிலையில் உள்ளவனோடு விவாதிப்பது முறையில்லை என்பதால் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டேன்.

கடைசி உருப்படி குண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சுகிற துளையின் அடியில், பெட்ரோல் பின்னால் போகாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எஃகுக் குண்டு. குறுக்களவு மூன்றரை மில்லிமீட்டர். அது இல்லாவிட்டால் மிதித்ததும் வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். அது உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பிசினைத் தட்டிவிடலாம் என்று கார்புரேட்டரைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினேன்.

டிங். டிங். டிங்.

சிமெண்ட் தரையில் மூன்று முறை குதித்தது. நாலாவது சத்தம் வரவில்லை. உருள்கிற சத்தமும் வரவில்லை. நடுவில் யாரோ உள்ளங்கையில் வாங்கிக்கொண்டதுபோல அங்கேயே நின்றுவிட்டது.

நான் பதறவில்லை. ஷெட் கதவைச் சாத்தச் சொன்னேன். சாக்பீஸால் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கட்டம் கட்டமாக இழுத்தேன். இரண்டு ஆணி, ஒரு ஹேர்பின், ரெக்சன் எட்டாம் வகுப்பில் தொலைத்த காம்பஸ் முள் கிடைத்தன. அவன் அதை எடுத்து முத்தம் கொடுத்தான். குண்டு கிடைக்கவில்லை. தரையில் கீறல் கிடையாது, சுவரோரம் பொந்து கிடையாது.

ஜெஸ்லின் அக்கா எங்களுக்கு சர்பத் கொண்டுவந்தாள்.

“என்னலே இது, ரெண்டு பேரும் முட்டி போட்டுக்கிட்டு? பாவசங்கீர்த்தனமா?”

“ஒரு குண்டு விழுந்திட்டுக்கா. இங்கனதான் கெடக்கு. பத்து நிமிஷம்.”

“தொலைச்சிட்டியா?”

“தொலையல. எதுவுமே தொலையாதுக்கா. இருக்க எடம் நமக்குத் தெரியல, அவ்வளவுதான். ஏழு பக்கம் எழுதியிருக்கேன்.”

அக்கா டம்ளரைப் பானெட் மேல் வைத்தாள். “அப்ப எங்கப்பா எங்கன இருக்காருலே?”

சண்டைக்குக் கேட்கவில்லை. விவரம் தெரிந்த ஆளிடம் விலாசம் கேட்பதுபோலக் கேட்டாள். நான் காந்தத்தில் ஒட்டியிருந்த ஹேர்பின்னைப் பிடுங்கினேன். அது ஒன்றுதான் அப்போது செய்யக் கிடைத்த வேலை.

சாயங்காலம் அவள் மறுபடி வந்தாள். கையில் நீல விளிம்பு வைத்த ஒரு வெள்ளை எனாமல் தட்டு. அதில் ஒரு விரல் ஆழத்துக்கு உப்புத் தண்ணீர்.

“ஈடு வையி.”

“என்னதுக்கா?”

“எங்கப்பா வழிப் பழக்கம். ஊருக்குள்ள வேற யாரும் செய்ய மாட்டாவ, கேட்டாச் சிரிப்பாவ. சின்னச் சாமான் விழுந்து கெடைக்கலன்னா தேடக் கூடாது. அதே அளவுக்கு ஒன் சாமான் ஒண்ண இதுல போட்டுட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நிக்கணும். பாக்கக் கூடாது. போட்டது போயிரும், போனது வந்துரும். அப்பா குளிக்கப் போகுத அன்னைக்கெல்லாம் மோதிரத்தக் கழத்தி இதுலதான் போட்டுட்டுப் போவாரு. திரும்பி வந்து எடுத்துக்கிடுவாரு.”

“தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் மாதிரியா? பழைய மிக்ஸி குடுத்தா புது மிக்ஸி?”

“ஒத்தக் காதுல கம்மல் போட்டுக்கிட்டு நீ பேச்சப் பாரு” என்றாள் அக்கா. தட்டை வண்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். திருச்செந்தூரில் மொட்டையடித்துக் காது குத்திய ஒரு வயதிலிருந்து என் காதில் கிடக்கிற கல் கம்மல் அது. மற்ற காதில் இருந்தது எங்கள் தெருச் சாக்கடையில் இருக்கிறது. தொலையவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்குப் போனேன். பால்ரஸ் குண்டுகளை அவர் பவுடர் டப்பாவில் அளவு வாரியாகப் போட்டு வைத்திருந்தார். ஒன்று சின்னது, போட்டால் துளைக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அடுத்தது பெரியது; உள்ளேயே போகாது.

“இதுக்கு நடுவுல உள்ளது வேணும் அண்ணாச்சி.”

“நடுவுல ஒண்ணும் கெடையாதுப்பா. கடவுளே இந்த ரெண்டுதான் படைச்சிருக்காரு.”

ஆன்லைனில் முழு செட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை வீடு வந்து சேரும் என்று போட்டிருந்தது. கல்யாணம் புதன்கிழமை. குண்டு இல்லாமலே மாட்டிப் பார்த்தோம். பத்மினி பதினோரு வருடத்துக்குப் பிறகு உறுமியது, ரெக்சன் கைதட்டினான், நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. எத்தனை தடவை மிதித்தாலும் அதே இரண்டு இருமல். நான் சொன்னதில் இந்த ஒன்று மட்டும் சரியாக நடந்தது.

மறுபடி கழற்றிப் பிரித்து இட்லித் தட்டில் அடுக்கும்போது மணி பன்னிரண்டு. ஷெட்டுக்குள் வெயில் தகரத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தெருவில் நாய்கூட இல்லை.

டிங். டிங். டிங்.

தரைக்குக் கீழே இருந்து வந்தது. மெதுவாக, தண்ணீருக்குள் விழுகிறதுபோல. நாலாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரெக்சன் ஒரு ஜெட்டை எடுத்து, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான்.

“கேட்டுச்சாலே?” என்றேன்.

“இல்ல” என்றான். எது என்று அவன் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, “ஒரு ஆளுக்கு ஈடா என்னத்தலே வைக்க? அவ்வளவு பெரிய தட்டு இருக்கா?” என்றான்.

“புரியல.”

“அன்னைக்கு எங்கப்பா அவசரத்துல மோதிரத்தக் கழத்தாமப் போயிட்டாரு. தட்டு வெறுந்தட்டு. அதான் அம்மா அவளையே ஈடா வச்சிருக்கா. ஈடா வச்சது, போனது திரும்பி வர வரைக்கும் எடத்த விட்டு நகரக் கூடாதுல்லா. வெளிய போனா அவரு வரமாட்டாருன்னு உக்காந்திருக்கா. நாங்க யாருகிட்டயும் சொல்லுறதில்ல.”

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிடுவது ஷெட் வரைக்கும் கேட்டது. சொல்லத் தெரியாத இடத்தில் எல்லாம் நான் செய்வது ஒன்றே ஒன்று. எழுந்து நின்று விழா மேடைக் குரலில் ஆரம்பித்தேன்.

“பேரன்புமிக்க பெரியோர்களே! இந்தியப் பொறியியல் வரலாற்றில் முதன்முறையாக, உப்புத் தண்ணீரின் மூலம் உதிரி பாகம் தருவிக்கும் நிகழ்ச்சி இப்போது தொடங்குகிறது.”

“ஏல, வேண்டாம்லே.”

துடைக்கிற துணியில் காலர் பட்டன் ஒன்று ஒட்டியிருந்தது. நூலோடு பிய்த்து எனாமல் தட்டில் போட்டேன். பாக்கக் கூடாது என்பதுதானே விதி? போன் பார்க்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு பெயிண்ட் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, தட்டைப் பார்க்கும்படி வீடியோவை ஓடவிட்டேன். ரெக்சனின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி, நானும் திரும்பி நின்று, “ஒன்று, இரண்டு” என்று சிரித்துக்கொண்டே எண்ணினேன். இருபதுக்கு மேல் எனக்கே போரடித்தது. நாற்பது வரை இழுத்துவிட்டுத் திரும்பினேன்.

தட்டில் பட்டன் இல்லை. தண்ணீருக்கு அடியில் சின்னதாக, உருண்டையாக ஒன்று மின்னியது.

“பாத்தியா!” என்று கத்திவிட்டேன். எதை நிரூபித்ததற்காகக் கத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. காந்தத்தைத் தட்டுக்குள் இறக்கினேன். உருண்டை அசையவில்லை. காந்தத்தால் தொட்டேன். ஒட்டவில்லை.

விரலால் எடுத்தேன். முத்து.

வெர்னியரில் வைத்து அளந்தேன். மூன்றரை மில்லிமீட்டர். ஒரு பக்கம் எறும்புக் கடி மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. மே மாத உச்சி வெயிலில் அது ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்ததுபோலக் குளிர்ந்து கிடந்தது.

வீடியோவை இரண்டு பேரும் பார்த்தோம். தட்டு, தண்ணீர், பட்டன். பின்னால் என் குரல் எண்ணுகிறது. இருபத்தொன்று என்று சொல்லும்போது லென்சில் ஆவி படிகிறது. யாரோ மிக அருகில் வந்து ஊதியதுபோல ஓரத்திலிருந்து வெள்ளை பரவுகிறது. முப்பத்தாறில் தெளிகிறது. தட்டில் முத்து இருக்கிறது. நடுவில் என் சிரிப்பு மட்டும் கேட்கிறது. அது எனக்கே அவ்வளவு பிடிக்கவில்லை.

“அம்மாட்ட காட்டு” என்றான் ரெக்சன். அவன் முகம் காம்பஸ் முள்ளைத் தொலைத்த எட்டாம் வகுப்பு முகமாக ஆகியிருந்தது.

ஞானசௌந்தரி அம்மா முத்தை உள்ளங்கையில் வாங்கி, பெருவிரலால் உருட்டினார். புள்ளி மேலே வந்ததும் விரல் நின்றது.

“இது அவுக மோதிரத்துல கெடந்ததுலா” என்றார். அழுகையோ ஆச்சரியமோ இல்லை. “முத முத அவுக எடுத்தது. புள்ளி இருக்குன்னு கடையில வேண்டான்னுட்டான். அதான் அவுகளே ஒரு செம்பு மோதிரத்துல வச்சுக் கட்டிக்கிட்டாக. அன்னைக்குக் கையோட போனது. நீ தட்டுல என்னத்தப்பா வச்ச?”

துணியில் இருந்த பட்டன் என்றேன். துணியைக் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த காக்கித் துண்டுகளை மடியில் போட்டு, ஒன்றோடொன்று சேர்த்துச் சட்டையாக அடுக்கிப் பார்த்தார். காலர் இருந்தது, ஒரு கை இருந்தது.

“அவுக சட்டை. அவுக பொருள வச்சா அவுக பொருள்தான வரும்.” முத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “முத்து மட்டும் தனியா வருதுன்னா அப்ப மோதிரம் மக்கிப்போச்சு. மோதிரமே மக்கிப்போச்சுன்னா...” பிறகு என்னைப் பார்த்தார். “நீ சிரிச்சிக்கிட்டா வச்ச?”

“ஆமாம்மா.”

“அதுக்குச் சிரிப்பு தெரியாது.”

முத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார். நாங்கள் நகரும்போது பின்னாலிருந்து கேட்டார். “வண்டி எப்ப கெளம்பும்?”

நேற்று வரைக்கும் அது கிளம்பக் கூடாது என்று உட்கார்ந்திருந்தவர். ரெக்சன் என்னைப் பார்த்தான். நான், “நாளைக்கு” என்றேன்.

செவ்வாய்க்கிழமை அறிவியலின் கடைசி முயற்சியாகக் கடப்பாரை எடுத்தேன். சத்தம் வந்த இடத்தில் சிமெண்டை உடைத்தோம். கீழே மணல், அதற்குக் கீழே உடைந்த சிப்பி, இரண்டடிக்குக் கீழே ஈரம். குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தது. சல்லடையில் மணலை அள்ளி அள்ளிச் சலித்தோம். பன்னிரண்டு மணிக்கு நான் குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். டிங், டிங், டிங் என்றது. என் காலுக்குக் கீழே இல்லை. இந்த முறை எனக்குப் பின்னால். நான் ஏறி வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு ரெக்சனும் நானும் மண்ணைப் போட்டுக் குழியை மூடினோம்.

எனாமல் தட்டு அங்கேயே இருந்தது. நீயே ஈடு வை, உன்னுடைய சாமானாக வை என்று ரெக்சன் ஒரு தடவை சொன்னான். நான் படித்தவன் என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அந்தப் பழக்கத்தைக் கேலி செய்து நான் போட்ட படம் ஏற்கெனவே கல்லூரி வாட்ஸப் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. தட்டின் படத்துக்குக் கீழே ‘இலவச ஸ்பேர் பார்ட்ஸ், உப்புத் தண்ணீர் கட்டாயம்’ என்று எழுதியிருந்தேன். நாற்பத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள்.

புதன்கிழமை ஏழரை மணி. தெருவில் பூ ஒட்டிய வாடகைக் கார் வந்து நின்றுவிட்டது. கல்யாணச் சட்டையோடு ஷெட்டுக்குள் நான் மட்டும் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு குழிகளில் சாமான் இருந்தது.

ஜெஸ்லின் அக்கா வந்தாள். வெள்ளைப் பட்டு, தலையில் நெட். எண்ணெய் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடைந்த சிமெண்டைத் தாண்டி நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதில் வைத்திருந்தேன்.

“போதும்லே வேலு, எந்திரி. கையக் கழுவிட்டு வா, நேரமாச்சு.”

“அம்மா?”

“நல்ல சேலை உடுத்தித்தான் இருக்கா. முந்தானையப் பிடிச்சிக்கிட்டு ஷெட் பக்கமே பாத்திட்டிருக்கா. வாடக வண்டியில ஏறுன்னேன். சொன்ன சொல்ல எப்பிடி மாத்தன்னு கேக்கா.” தலையில் நெட்டை இழுத்துச் சரிசெய்தாள். “பரவாயில்ல. பதினோரு வருஷம் இருந்திட்டா. அவ வரலன்னா எனக்குத் தாலி ஏறாமயா போகும்?”

அவள் வீட்டுக்குள் போனாள். சேலை நுனியில் அப்படியும் ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருந்தது.

எட்டு நாற்பதுக்கு வெள்ளை பத்மினி ஷெட்டை விட்டு வெளியே வந்து வாசலில் நின்றது. மிதித்தேன், இருமவில்லை. தெரு முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். ஞானசௌந்தரி அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நொடி நின்றார். பிறகு, தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் செய்வதுபோல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலை வெளியே வைத்தார். பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும்தான் விட்டார். ஜெஸ்லின் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நெட் நனையும்படி அழுதாள். ரெக்சன் முன்னால் ஏறி, “குண்டு எங்கனலே கெடந்துச்சு?” என்று கேட்டான்.

“சக்கரத்துக்குப் பின்னால. நான் சொன்ன சதுர அடிக்குள்ளதான்” என்றேன்.

கண்ணாடியில் அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, இடது காதை. காது மடலில் ரத்தம் காய்ந்திருந்தது. சேலை முந்தியின் முடிச்சை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். வண்டியை எடுத்தேன்.

ஏழே முக்காலுக்கும் எட்டுக்கும் நடுவில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. வாட்ஸப் குழுவிலும் போடவில்லை.

அக்கா போனதும் ஷெட் கதவைச் சாத்தினேன். போனை அணைத்து வெளித் திண்டில் வைத்துவிட்டு வந்தேன். தட்டில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, குசினியிலிருந்து ஒரு கை கல்லுப்பு எடுத்துவந்து கரைத்தேன். கம்மலைக் கழற்றப் பார்த்தேன். இருபது வருடமாகக் கழற்றாத திருகாணி, வரவில்லை. மூக்குக் குறடால் பிடித்துத் திருகினேன். சதையோடு வந்தது. கையில் வைத்துப் பார்த்தேன், சின்ன வெள்ளைக் கல். வெர்னியரில் அளந்தேன். மூன்றரை. அளக்காமல் வைக்க மனம் வரவில்லை.

தட்டில் போட்டேன். சிரிப்பு வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணையும் மூடிக்கொண்டேன். எண்ணவில்லை.

ஷெட்டுக்குள் சேறும் சிப்பியும் கலந்த வாடை எழுந்தது. ஈரமான பாதம் சிமெண்டில் ஒட்டிப் பிரிகிற சத்தம், ஒன்று, இன்னொன்று. என் பிடரியில் குளிர் பட்டது. வெகு நேரம் அடியில் இருந்துவிட்டு மேலே வந்த ஒருவர் தலையை வெளியே நீட்டியதும் விடுகிற மூச்சு எனக்குப் பின்னால் நீளமாக, நிதானமாக வெளியே வந்தது. நான் திரும்பவில்லை.

டிங்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வராமல் நின்றிருந்த நாலாவது சத்தம்.